எதிர்ப்பு உண்டா எனக் கேட்டறியவும்

டுலூத், மினசோட்டா
3 பிப்ரவரி 1997

லவர்ன்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போட்டுவிடாதே. இதை நீ படித்தாக வேண்டும். ஒரு வரியாவது பதில் எழுதியாக வேண்டும். இது என் பேச்சு இல்லை, உங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் பேச்சு.

கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ சொன்னது இவ்வளவுதான்: கார்வர்ஸ் மில் ஊரில், நம் தம்பி வென்டலைப் போல மனவளர்ச்சி குறைந்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து வாழும் இல்லத்தில் ஓர் இடம் வருகிறது, மே கடைசியில் அவனை அங்கே விடப்போகிறாய். அவன் இங்கே என்னோடு வந்து இருக்கட்டும் என்றேன். போனை வைத்துவிட்டாய். நம் பெற்றோர் இறந்தபின் நீதிமன்றம் உன்னைத்தான் அவனுக்குப் பாதுகாவலராக நியமித்தது. நான் அவனுக்கு அக்கா, அவ்வளவுதான். ஆகவே ஜனவரியில் மனு போட்டேன். வழக்கறிஞர் வைக்கவில்லை. கல்லூரியில் பாறைகளைப் பற்றி வகுப்பெடுக்கிறவளுக்கு ஒரு மனு எழுத வராதா என்று நினைத்தேன்.

மனுவை அனுப்பினால் நீதிபதி படிப்பார், பதில் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் நீதிபதி கிட்ரெல்லின் உதவியாளர் பெர்னிஸைக் கூப்பிட்டேன்.

"உங்க மனு கோப்புல பத்திரமா இருக்கு, மேடம்" என்றாள்.

"நீதிபதி பார்த்தாரா?"

"அவரு ஏன் பாக்கணும்? நீங்க தேதியே கேக்கலையே."

"மனு போட்டாலே தேதி வரும்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, கண்ணு. மனு தானா எந்திரிச்சு மாடிப்படி ஏறி வராது."

சரி, ஒரு தேதி கொடுங்கள் என்றேன். காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"'மறு தரப்பு இதை எதிர்க்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. அவங்களக் கேட்டீங்களா?"

"கேக்கவே வேண்டாம். அவ என் அக்கா."

"எனக்கும் ஒரு அக்கா இருக்கா. கேட்டீங்களா, கேக்கலையா?"

கேட்கவில்லை என்றேன். அப்படியானால் தேதி இல்லையாம். மனு போடுகிறவர் மறு தரப்பை உண்மையாகவே தேடிப்போய்க் கேட்க வேண்டும், அவர் சொன்னதை அப்படியே எழுதி, கேட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் தேதியைப் பற்றிப் பேச்சு.

ஆகவே கேட்கிறேன். வென்டல் என் வீட்டில் வந்து வாழ அனுமதி கேட்கும் என் மனுவை நீ எதிர்க்கிறாயா, எதிர்க்கவில்லையா, அல்லது சொல்ல ஒன்றுமில்லையா? மூன்றில் ஒன்று. உன் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பெர்னிஸ் கேட்ட பிறகு அது உறுதியில்லாமல் போய்விட்டது. அந்த இல்லத்தை நீ ஏன் தேடினாய் என்றே எனக்குத் தெரியாது.

எல்லாத் தரப்புக்கும் நகல் போக வேண்டும் என்பது விதி. வென்டலுக்குத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன்.

கொரின்


ஓக் ஃபெர்ரி, ஃப்ளோரிடா
11 பிப்ரவரி

கொரின்,

எதிர்க்கிறேன். நீதிபதிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பார்கள், அதனால் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, அவனோடு பந்து உருட்டும் விளையாட்டுக்குப் போய், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவள் நீ. அவனுக்குப் பல் வலித்த ராத்திரிகளெல்லாம் என்னுடையவை. மளிகைக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு அவனைக் காலையில் பஸ் ஏற்றிவிடுகிறவள் நான். உங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தையே பனி மூடிவிடும் என்று நீதான் எழுதியிருந்தாய்.

ஏன் இல்லம் என்று கேட்கிறாய். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் அறுவை செய்தவள். அது போதும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு உறை எதற்கு? தபால்காரரே சிரித்தார். வென்டல் அவனுடையதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். மேலே அச்சில் அவன் பெயர்தானே முதலில் இருக்கிறது, 'வென்டல் ரே டில்மன் பற்றிய வழக்கு' என்று. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"இது என் வழக்கா?" என்றான்.

"நம்ம எல்லாரோட வழக்கும்தான்."

"உன் பேரு கீழ இருக்கு. என் பேரு மேல இருக்கு."

அதிலிருந்து அந்தக் காகிதத்தை வேலைக்குக்கூட எடுத்துக்கொண்டு போகிறான். கடையில் இறைச்சி வெட்டும் ஆளிடம் காட்டினானாம். இப்போது ஊர் முழுக்கத் தெரியும். உனக்கு நன்றி.

லவர்ன்


டுலூத்
20 பிப்ரவரி

லவர்ன்,

உன் பதிலை எழுதிக்கொண்டு மறுபடி பெர்னிஸைக் கூப்பிட்டேன். எதிர்ப்பு உண்டென்றதும் அவள் குரலே மாறிவிட்டது, நான் ஏதோ பெரிய சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவள் மாதிரி.

"அப்போ எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு பத்து நிமிஷம்?"

"அக்கா தங்கச்சி சண்டைக்கா? பாதி நாள் போட்டு வைக்கறேன். அதுக்கு ரெண்டு பேரும் ஒத்துக்கணும். நீங்க பத்து நிமிஷம்னு சொல்லி, அவங்க மூணு மணி நேரம்னா, முதல்ல அந்தச் சண்டையத் தீர்த்துட்டு வாங்க."

உங்கள் நீதிமன்றத்தில் இரண்டு வரிசைகள் இருக்கின்றனவாம். யாரும் எதிர்க்காத மனு என்றால் ஐந்து நிமிடப் பட்டியல், சில வாரங்களில் தேதி. எதிர்ப்புள்ளது என்றால் நீண்ட விசாரணை, செப்டம்பருக்கு முன்னால் இடமில்லை. செப்டம்பருக்குள் வென்டல் கார்வர்ஸ் மில்லில் கட்டில் போட்டுப் படுத்திருப்பான். நீ ஒற்றைச் சொல்லில் பதில் எழுதியபோது இது உனக்குத் தெரிந்திருந்ததா என்று யோசித்தேன். தெரிந்திருந்தால் கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போது உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. கேட்டேன் என்று கையெழுத்திடும் தாளை நிரப்ப உட்கார்ந்தேன். எல்லாத் தரப்பினரின் பெயரும் அதில் வர வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதில். உன் பெயர், பதில். பிறகு வென்டலின் பெயரை எழுதினேன். அதற்கு எதிரே பேனா நின்றுவிட்டது. நகல் அனுப்பினேன், கேட்கவில்லை. அவனுக்கு நல்லது என்ன என்று நீயும் நானும் கிறிஸ்துமஸிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறோம், அவனை ஒரு வார்த்தை கேட்டது யார்? உனக்கே அவன் பதில் தெரியுமா? எனக்கு அதை அறிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது, மனுவை விட்டுவிட்டுப் பார்த்தாலும்.

போனில் அவன் எல்லாவற்றுக்கும் 'சரி' என்பான். நேரில் நீ கேள். அவன் சொன்னதைத் திருத்தாமல் எழுது.

கொரின்


ஓக் ஃபெர்ரி
2 மார்ச்

கொரின்,

உன் கேள்வியை ஒரு வாரம் கேட்காமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து கேட்டேன். திருத்தாமல் எழுது என்றாய், எழுதுகிறேன்.

"கொரின் கேக்கறா. அவகூட மினசோட்டாவுக்குப் போறியா? எதிர்ப்பு உண்டா, இல்லையா?"

"கொரின் வீட்டுல யாரு இருக்கா?"

"கொரின் இருக்கா, அவ பொண்ணு லினியா இருக்கா."

"நீ என்ன எழுதுனே?"

"எதிர்ப்புன்னு எழுதினேன்."

"நானும் எதிர்ப்பு."

நான் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உனக்கு எழுதப்போகும் கடிதம் மனதுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அப்புறம் என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்போ கார்வர்ஸ் மில் உனக்குச் சரிதானே?"

"அதுவும் எதிர்ப்பு."

"ரெண்டையும் எதிர்த்தா எங்கடா இருப்பே?"

"இங்க."

"இங்க யாருகூட?"

"நீ ராய்ஸ் வீட்டுக்குப் போ. நான் இங்க இருக்கேன்."

ராய்ஸைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை நான். உனக்கு யார் சொன்னது என்றேன்.

"நீதான். போன்ல சத்தமா பேசறே."

இனி உனக்கும் சொல்லித்தானே ஆக வேண்டும். ராய்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். மனைவியை இழந்தவர். தூண்கள் மேல் நிற்கும் வீடு, ஆள் படுக்க ஓர் அறைதான். வென்டலுக்கு அவர் நாயைக் கண்டால் பிடிக்காது. ராய்ஸ் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒரு வருஷமாக முழங்காலைக் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், தன் கல்யாணத்துக்காகத் தம்பியைத் தள்ளிவிடுகிறாள் என்பாய். சொல்லமாட்டாய் என்றால் நினைப்பாய். இதை எந்தக் காகிதத்திலும் எழுதாதே.

அவன் பதிலை உன் தாளில் எழுதிக்கொள்: இரண்டையும் எதிர்க்கிறான்.

லவர்ன்


டுலூத்
9 மார்ச்

லவர்ன்,

உன் கடிதத்தை வகுப்புக்கு முன்னால் படித்தேன். அப்புறம் எரிமலைப் பாறைகளைப் பற்றி என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

நினைப்பாய் என்றாய். ராய்ஸைப் பற்றிய முதல் வரியைப் படித்தபோது நினைத்தேன். படித்து முடித்தபோது அந்த நினைப்பு நிலைக்கவில்லை, அதற்குக் காரணம் வென்டலின் கேள்வி. கொரின் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு நீதிபதி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. லினியா போன செப்டம்பரிலேயே சிகாகோ போய்விட்டாள். அவள் அப்பா அதற்கு முன்பே. இந்த வீட்டில் நான் இருக்கிறேன், ரேடியோ இருக்கிறது. என் மனுவில் 'அவனுக்குத் தனி அறையும் குடும்பச் சூழலும் உண்டு' என்று எழுதியிருக்கிறேன். அறை உண்மை. சூழல் அவன் வந்த பிறகுதான் உண்டாக வேண்டியிருந்தது. அவனுக்காகக் கேட்கிறேன் என்று முழுக்க நம்பித்தான் எழுதினேன், அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ராய்ஸ் எப்படிப்பட்டவர்? மீன் பிடிப்பாரா? சிரிக்க வைப்பாரா? இது நீதிமன்றத்துக்காக இல்லை.

இப்போது காரியம். என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கும் ஒரு தாள் இருக்கிறது, பெர்னிஸ் விலாசத்தோடு சொன்னாள். பதிலாக நீயும் நானும் சேர்ந்து ஒரு மனு போடலாம்: வென்டல் நீங்கள் இப்போது இருக்கும் நம் அப்பாவின் வீட்டிலேயே இருக்கட்டும், தினமும் காலையில் ஓர் உதவியாளர் வந்து போகட்டும். அப்படிப்பட்ட திட்டம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். நீ பாதுகாவலராகவே தொடரலாம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இது முடியுமா என்று எனக்குத் தெரியாது. அவனால் முடியுமா என்று உனக்குத் தெரியும். நீ எதிர்த்தால் செப்டம்பர் வரிசை. நீ சரியென்றால் ஐந்து நிமிடப் பட்டியலில் மே ஏழாம் தேதி புதன்கிழமை ஓர் இடம் இருக்கிறது, பெர்னிஸ் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

"மூணு பேருக்குமே எதிர்ப்பு இல்லைன்னா நல்லது, கண்ணு. ஆனா ஒண்ணு. அஞ்சு நிமிஷம்னா எல்லாருக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம். இழுத்துச்சுன்னா ஐயா கோப்ப மூடிடுவாரு. அப்புறம் நீங்களும் செப்டம்பர்தான்."

எதிர்ப்பு உண்டா?

கொரின்


ஓக் ஃபெர்ரி
25 மார்ச்

கொரின்,

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. மூன்று தடவை எடுத்து, மூன்று தடவை மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்தேன்.

நீ அங்கே உட்கார்ந்து 'முடியுமா' என்று எழுதுகிறாய். நான் இங்கே அவன் அடுப்பை அணைத்தானா என்று மூன்று தடவை பார்க்கிறவள். அவன் அணைத்துத்தான் இருப்பான், ஆனாலும் பார்ப்பேன். கார்வர்ஸ் மில்காரர்கள் மே பதினைந்துக்குள் பதில் கேட்கிறார்கள், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. நீதிபதி ஏழாம் தேதி கோப்பை மூடிவிட்டால் எட்டு நாளில் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அப்போது அவனை அங்கே சேர்ப்பேன், கொரின். ராய்ஸை இன்னொரு வருஷம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை வேண்டாம். வென்டலிடமும் சொல்லிவிட்டேன்.

ராய்ஸ் மீன் பிடிப்பார். சிரிக்க வைக்க மாட்டார், நான் சொல்வதற்குச் சிரிப்பார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வென்டல் சமையலறை நாற்காலியை நீதிபதி என்று வைத்துக்கொண்டு பேசிப் பழகுகிறான். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணியை ஐந்து நிமிடத்துக்கு முடுக்கிவிட்டுத் தொடங்குவான். 'வணக்கம் ஐயா, என் பேரு வென்டல் ரே டில்மன்' என்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடுகிறது. நடுவில் நான் ஏதாவது எடுத்துக் கொடுத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

நீ வருகிறாயா?

லவர்ன்


டுலூத்
28 ஏப்ரல்

லவர்ன்,

வர முடியாது. அந்த வாரம் முழுக்கத் தேர்வு. போனில் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். போனில் கலந்துகொள்ள அனுமதி கேட்டுத் தனியாக ஒரு மனு போட வேண்டுமாம். போட்டேன். அந்த மனுவுக்கு உன் பதிலைக் கேட்டு எழுத மறந்துவிட்டேன்.

"மறுபடியுமா?" என்றாள் பெர்னிஸ். "அக்காவக் கேக்காம எழுதறத நீங்க விடவே மாட்டீங்களா?" கேட்டு எழுதி மறுபடி அனுப்பக் கெடு தாண்டிவிட்டது.

ஆகவே நீதான் எனக்குக் கண்ணும் காதும். ஒரு வேண்டுகோள். உன் நேரத்தையும் என் நேரத்தையும் அவனுக்கே கொடுத்துவிடுவோம். நீதிபதி உன்னைக் கேட்டாலொழிய வாயைத் திறக்காதே. அவன் தடுமாறினாலும். நீ எடுத்துக் கொடுத்தால், எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியவன் என்றுதான் நீதிபதி பார்ப்பார். உன்னால் முடியுமா?

கொரின்


ஓக் ஃபெர்ரி
8 மே

கொரின்,

நேற்று முழுக்க நீ போன் செய்துகொண்டே இருந்தாய், எடுக்கவில்லை. பேசினால் அழுவேன், உனக்கும் ஒன்றும் புரியாது. எழுதினால் ஒழுங்காகச் சொல்வேன்.

தாழ்வாரம் முழுக்கக் கோப்பைக் கையில் பிடித்த வழக்கறிஞர்கள். ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள், உள்ளே போவார்கள், தலையாட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். வென்டல் ஈஸ்டர் கோட்டு போட்டிருந்தான். உன் பெர்னிஸைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். "நீங்கதான் அந்த அக்காவா?" என்றாள். நான்தான் என்றேன்.

நீதிபதி கிட்ரெல் தாளைப் பார்த்தபடியே கேட்டார், "யாருக்கும் எதிர்ப்பு இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கு இருக்கு" என்றார். "நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா மட்டும் போதுமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்து என்னோடதுதானே. மிஸ்டர் டில்மன், ராத்திரி வீட்டுல தீப்பிடிச்சா என்ன பண்ணுவே?"

அவன் வணக்கம் சொல்லித் தொடங்குவதற்குத் தயாராக இருந்தான். இந்தக் கேள்வி நாற்காலி கேட்ட கேள்வியில்லை. யோசிக்கும்போது கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவானே, அதைச் செய்தான். ஒரு கை முடிந்து அடுத்த கை. நீதிபதி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ கோப்பால் தொடையைத் தட்டினார்கள். பதில் எனக்குத் தெரியும், கொரின். பக்கத்து வீட்டுக்குப் போவேன், அவசர எண்ணைக் கூப்பிடுவேன், நூறு தடவை சொல்லிக் கொடுத்தது. என் நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அறுத்தே விட்டேன். நீதிபதி கோப்பின் அட்டையில் கை வைத்தார்.

"எந்தத் தீ?" என்றான் வென்டல்.

"எந்தத் தீயா இருந்தா என்ன?"

"நம்ம வீட்டுல ரெண்டு தடவ பிடிச்சுது. ரெண்டு தடவயும் லவர்ன் மீன் பொரிச்சா."

பின்னால் ஒருவர் இருமினார்.

"நீ என்ன பண்ணே?"

"மூடி போட்டேன். அடுப்ப அணைச்சேன். லவர்ன் கத்திக்கிட்டே இருந்தா. அவள வெளிய கொண்டுபோய் உக்கார வச்சேன்."

நீதிபதி முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இது உண்மையாம்மா?"

"உண்மைதான், ஐயா" என்றேன். நேற்று நீதிமன்றத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

வழக்கறிஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், நீதிபதியும். சிரித்துக்கொண்டே எழுதினார். ஆறு மாதம் பரீட்சார்த்தமாக. தினமும் காலையில் உதவியாளர். நவம்பரில் எல்லோரும் மறுபடி வர வேண்டும். வென்டல் நகரவில்லை, வணக்கத்தில் தொடங்கித் தன் பேச்சை முழுக்கச் சொன்னான். யாரும் அவனை நிறுத்தவில்லை. எங்கள் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. பெர்னிஸ் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து கார்வர்ஸ் மில்லுக்கு அங்கிருந்தே போன் செய்து இடம் வேண்டாம் என்று சொன்னேன். வண்டியில் ஏறினோம். வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்த வறுத்த கோழிக்குக்கூட அவன் நிறுத்தச் சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால் கேட்டான்:

"நீ எப்போ போறே?"

கோபமில்லை, வருத்தமில்லை. மளிகைக் கடையில் காகிதப் பையா பிளாஸ்டிக் பையா என்று கேட்கும் குரல். ஒரு வருஷமாகப் போக வேண்டும், போக வேண்டும் என்று தவித்தவள் நான். அவன் கேட்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். ராய்ஸின் வீட்டு விளக்கு அந்தக் கரையில் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, எப்போதும் அணைக்க மறந்துவிடுவார். அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன்.

"எழுதிக் குடு" என்றான்.

லவர்ன்